கரண்ட்டா, கத்தியா: லக்கலவிலிருந்து 35 நாள்

ரிவர்ஸ்டன் உச்சிக்குக் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு லக்கல ஒரு நாள் உல்லாசப் பயணம். இரத்தோட்டையைத் தாண்டி, வளைந்து வளைந்து மலையேறி, பிட்டவல பத்தனையில் நின்று படம் எடுத்து, இல்லுக்கும்புறையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, பனி இறங்குவதற்குள் மாத்தளைக்குத் திரும்பிவிடுவார்கள். அதே பாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லேகமப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ். கழுத்தைச் சுற்றித் துவாய், கையில் கிளினிக் கொப்பி. குரல் கம்மி மாதக் கணக்காகிறது. மாத்தளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கண்டிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். கண்டியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துளி சதை எடுத்துச் சோதித்து, குரல்வளையில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

இனி இரண்டு வழி. ஒன்று கரண்ட் என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு, மற்றது கத்தி.

இவர் தனி ஒரு ஆள் அல்ல. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய், உதடு, தொண்டைப் பகுதியைச் சேர்ந்தவைதான் முன்வரிசையில் நிற்கின்றன. காரணமும் ரகசியமில்லை: வெத்திலைக் கூறு, புகையிலை, பீடி, சிகரெட், சாராயம். இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ஆகவே கண்டி தேசிய வைத்தியசாலையிலோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ புற்றுநோய்ப் பிரிவுக்குள் நுழைந்தால், கழுத்தில் துவாய் சுற்றியவர்கள் ஒரு வாங்கு நிறைய உட்கார்ந்திருப்பார்கள்.

தொண்டைப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நான்கைந்து நோய்கள். குரல்நாணில் வருவது ஒன்று. அதற்கு மேலே வருவது வேறு. குரல்வளைக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் வருவது இன்னொன்று. நாக்கின் அடி, உள்நாக்குப் பக்கம் வருவது மற்றொன்று. அறிஞர் அண்ணாவைக் கொண்டுபோனது அதற்கும் கீழே, உணவுக்குழாயில் வந்த புற்று. 1968இல் நியூயோர்க் வரை போய் அறுவை செய்துகொண்டார், ஊர் திரும்பிய பின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றார், 1969 பெப்ரவரி 3ஆம் திகதி காலமானார். புகையிலை போடும் பழக்கம் அவருக்கு இருந்தது எல்லோரும் அறிந்தது. ஒரு மாநில முதலமைச்சருக்கே அந்தக் காலத்தில் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

குரல்நாணில் வருவதற்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கடுகளவு கட்டி வந்தாலே குரல் மாறிவிடும். அது ஓர் எச்சரிக்கை மணி. அந்த நிலையில் பிடித்துவிட்டால் 10 பேரில் 9 பேருக்குக் குணமாகும். கரண்ட் மட்டும் போதும், அல்லது லேசரால் சுரண்டி எடுத்தால் போதும். ஆனால் குரல்வளைக்குப் பின்னால் வருவது சத்தமில்லாமல் வளரும். ஒரு பக்கக் காதில் வலி, சோறு விழுங்கும்போது முள் குத்துவதுபோல் ஓர் உணர்வு, பிறகு கழுத்தில் ஒரு கட்டி. கட்டி தெரிகிறபோது நோய் பாதித் தூரம் போயிருக்கும்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சக்கரவர்த்தியின் கதையே இருக்கிறது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் மூன்றாம் பிரெட்ரிக்குக்கு 1887இன் தொடக்கத்தில் குரல் கம்மியது. ஆள் விடாமல் புகை பிடிப்பவர். ஜெர்மன் வைத்தியர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து, தொண்டையைத் திறந்து அறுக்க மே மாதம் நாள் குறித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட வைத்தியர் மொரெல் மெக்கன்சி, முதலில் சதையைச் சோதித்துப் பார்ப்போம் என்றார். அன்றைய உலகின் தலைசிறந்த நோய்க்குறியியல் அறிஞரான விர்ச்சோ, அனுப்பிய துண்டில் புற்றுநோய் இல்லை என்றார். அறுவை நின்றது. நோய் நிற்கவில்லை. 1888 பெப்ரவரியில் மூச்சு முட்ட, கழுத்தில் துளை போட வேண்டி வந்தது. மார்ச்சில் முடிசூடியபோது சக்கரவர்த்தியால் பேச முடியாது, காகிதத்தில் எழுதித்தான் ஆணையிட்டார். 99 நாள் ஆண்டுவிட்டு ஜூன் 15இல் இறந்தார். துண்டு எடுத்த இடம் சரியில்லையா, நோய் உள்ளே ஒளிந்திருந்ததா என்று வைத்திய உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் முதல் சதைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தபிறகும் குரல் கம்மல் தொடர்ந்தால் வைத்தியர் மறுபடி எடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ‘ஒருதரம் எடுத்தாச்சே, ஏன் திரும்பத் திரும்பக் கிள்ளுறாங்க’ என்று கோபப்படுகிறவர்கள் பிரெட்ரிக்கை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் கத்தியைத் தவிர வேறு வழி இல்லை. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873 டிசம்பர் 31இல் புற்றுநோய் பிடித்த குரல்வளை முழுவதையும் வெட்டி எடுத்தார். அந்த நோயாளி சில மாதங்கள்தான் உயிரோடிருந்தார். ஆனாலும் குரல்வளை இல்லாமல் மனிதன் மூச்சு விடலாம், சாப்பிடலாம், செயற்கைக் கருவி வைத்துப் பேசவும் செய்யலாம் என்பது அன்று நிரூபணமானது.

கரண்ட் வந்தது அதற்குப் பிறகு. 1895இல் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் ஒரே மூச்சில் பெரிய அளவைப் பாய்ச்சினார்கள். புற்றுநோயோடு தோலும் சதையும் வெந்துபோயின. பாரிஸில் ஹென்றி கூத்தார் என்ற வைத்தியர்தான் அந்த அளவைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நாள்தோறும் கொஞ்சமாக வாரக் கணக்கில் கொடுத்துப் பார்த்தார். நல்ல திசுவுக்கு இடையிடையே ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கும், புற்றுநோய்க் கலத்துக்கு அந்தத் திறமை குறைவு. 1922இல் அவர் பாரிஸில் நடந்த மாநாட்டில், இப்படிக் குணமான குரல்வளைப் புற்றுநோயாளிகளைக் காட்டினார். இன்று உலகம் முழுவதும் மார்புக்கும் கர்ப்பப்பைக்கும் மூளைக்கும் கதிர்வீச்சை நாள்கணக்கில் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த முறை வேரூன்றியதில் தொண்டை நோயாளிகளுக்குப் பெரும் பங்குண்டு.

அந்தக் கணக்குதான் இன்றைக்கு 35 நாள். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், மொத்தம் 70 கிரே. ஆரம்ப நிலைக் குரல்நாண் நோய்க்குக் கொஞ்சம் குறையும். முற்றிய நோய்க்கு இதனோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஊசியில் ஏற்றுவார்கள்.

முற்றிய குரல்வளை நோய்க்குக் கத்தியா கரண்ட்டா என்ற கேள்விக்கு ஒரு பெரிய பதில் 1991இல் அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினருக்கான வைத்தியசாலைகளிலிருந்து வந்தது. 332 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குரல்வளையை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. மறு பாதிக்கு முதலில் மருந்து, பிறகு கதிர்வீச்சு, கத்தி கடைசிக்கு மட்டும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் உயிரோடிருந்தவர்கள் 68 சதவீதம். ஆனால் இரண்டாவது கூட்டத்தில் 64 சதவீதம் பேரின் குரல்வளை கழுத்திலேயே இருந்தது. உயிர் சமம், குரல் மிச்சம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் மருந்தையும் கதிரையும் ஒரே நேரத்தில் கொடுத்தபோது மிஞ்சிய குரல்வளைகள் இன்னும் கூடின.

அப்படியானால் எல்லோருக்கும் கரண்ட்தானே என்று கேட்கலாம். இல்லை. நோய் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டால், மூச்சுப்பாதை ஏற்கெனவே அடைத்துவிட்டால், விழுங்குகிற ஒவ்வொரு வாயும் நுரையீரலுக்குள் போகிறது என்றால், கத்திதான் நல்லது. வேலை செய்யாத குரல்வளையைக் காப்பாற்றி என்ன பயன்? அதோடு, கத்தி என்றால் ஒரே நாளில் காரியம் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. முற்றிய நோய்க்கு அறுவைக்குப் பிறகும் ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்க வேண்டும், அதுவும் 30 நாளைத் தொடும்.

இங்கேதான் லக்கல வருகிறது. அமெரிக்க ஆய்வில் பங்கெடுத்தவர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களில் ‘பஸ் வரவில்லை’ என்ற ஒரு நிரல் இல்லை. பல்லேகமவிலிருந்து மாத்தளைக்கு மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். காலையில் புறப்பட்டவர் கரண்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டிவிடும். கரண்ட் மேசையில் அவர் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாள் முடியும், இரண்டு நாள் முடியும். 35 நாள்? மூன்றாம் வாரத்தில் தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வருகிறவரை, தினமும் அந்த வளைவுகளில் உட்கார்த்தி வைத்துக் கொண்டுவர முடியுமா?

முடியாதபோது நாட்கள் விட்டுப்போகின்றன. விட்டுப்போன நாளுக்கு ஒரு விலை இருக்கிறது. கதிர்வீச்சு தொடங்கிச் சுமார் நாலு வாரம் கழித்து, சாகாமல் மிஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் அவசர அவசரமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால், அந்த இடத்தில் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.4 சதவீதம் குறைகிறது என்பது தலை, கழுத்துப் புற்றுநோயில் பல ஆய்வுகளின் கணக்கு. ஒரு வாரம் விட்டுப்போனால் 10 சதவீதம் வரை கைநழுவும். பொங்கலுக்கு, சித்திரைப் புத்தாண்டுக்கு, திருவிழாவுக்கு, உறவில் ஒரு சாவுக்கு என்று நாலு நாள் போய்விட்டு வந்து ‘கடைசியில நாலு நாள் கூட வைச்சா சரிதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. சரியில்லை. எண்ணிக்கை சரியாகும், காலம் சரியாகாது.

இதை மறுபக்கமாகவும் நிரூபித்திருக்கிறார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் ஆசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா உட்பட ஒன்பது நிலையங்களில் சுமார் 900 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. புது மெஷின் இல்லை, விலை உயர்ந்த மருந்து இல்லை. அதே கதிர், அதே மொத்த அளவு. ஒரு கூட்டத்துக்கு வாரத்தில் 5 தடவை, மற்றதுக்கு 6 தடவை, அவ்வளவுதான். சிகிச்சை ஒரு வாரம் முன்னதாக முடிந்தது. ஐந்து வருடத்தில் நோய் அடங்கி இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 30 சதவீதம், இரண்டாவதில் 42 சதவீதம். வாய்ப்புண் கூடியது உண்மை. ஆனால் ஒரே ஒரு கூடுதல் நாள் இவ்வளவு செய்கிறது என்றால், விட்டுப்போகும் நாள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாள் விட்டுப்போவது எப்போதும் நோயாளியின் குற்றமல்ல. கோபால்ட் மெஷினில் இருக்கும் கதிர்மூலம் 5.27 வருடத்தில் பாதி வலுவிழக்கும். அப்போது அதே அளவைக் கொடுக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், வரிசை நீளும். நவீன மெஷின் என்றால் மின்சாரம், குளிரூட்டல், உதிரிப்பாகம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். 2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது, கிளினிக் திகதியைக் கையில் வைத்துக்கொண்டு வாகனமில்லாமல் வீட்டிலிருந்த புற்றுநோயாளிகள் எத்தனை பேர்! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து மாத்தளை, கண்டி மலைகளெல்லாம் சரிந்து பாதைகள் அறுந்தன. லக்கல இருக்கும் நக்கிள்ஸ் மலை உலக மரபுரிமைப் பட்டியலில் 2010இல் சேர்ந்தது பெருமைதான். அதன் மடியில் வாழ்கிறவருக்கு மழைக்காலம் என்றால் பாதை இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் தண்ணீருக்குள் போய், புதிய நகரம் அகலமான வீதிகளோடு எழுந்திருக்கிறது. நல்லது. கரண்ட் மெஷின் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம்தான்.

சரி, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? பயத்தில் பாதி, அது தெரியாததால் வருவது. முதலில் ஒரு முகமூடி செய்வார்கள். வலைபோல் துளைகள் கொண்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. அதைச் சுடுதண்ணீரில் போட்டதும் துணிபோலத் துவண்டுவிடும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஈரம் ஒற்றிய அந்தச் சூடான தகட்டை நெற்றியிலிருந்து தோள்வரை இழுத்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் மூக்கு, தாடை, கழுத்து வளைவு எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். மூச்சுத் துளைகள் வழியாகத் தாராளமாக வரும். அளவுக் கோடுகளை முகத்தில் போடாமல் இந்த முகமூடியிலேயே போடுவார்கள். பிறகு 35 நாளும் அதே முகமூடியை மாட்டி, மேசையோடு பூட்டி, சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோடுகள் அந்தக் குறிகளில் விழுகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். தடித்த கதவு மூடும். மெஷின் சுற்றிவரும் சத்தம் தவிர வேறொன்றும் தெரியாது. சுடாது, வலிக்காது. வெளியே இருப்பவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு ஓடிவருவார்கள். முகம் மூடப்பட்டால் பதறுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதற்கும் வழி செய்வார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம், ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மூன்றாவதில்தான் தொடங்கும். நாக்கில் ருசி போகும். எச்சில் வற்றி நூலாக இழுக்கும். வாய் வெந்து, கழுத்துத் தோல் கறுத்து உரியும். கொச்சிக்காய்த் தூள் போட்ட கறி பக்கத்தில் வரக்கூடாது. கஞ்சி, பால், அவித்து மசித்த முட்டை, பருப்புத் தண்ணீர். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய். குழாய் போட்டால் கதை முடிந்தது என்று அழுகிற குடும்பங்கள் நிறைய. உண்மை நேர்மாறு: எடை குறையாமல் இருப்பவர்தான் 35ஐ முடிக்கிறார். கழுத்தில் சவரக் கத்தி படக்கூடாது, எண்ணெய், களிம்பு எதையும் கேட்காமல் பூசக்கூடாது. சொத்தைப் பல் இருந்தால் கரண்ட் தொடங்குவதற்கு முன்பே பிடுங்கிப் புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கதிர்பட்ட தாடையெலும்பு பிறகு லேசில் ஆறாது, பல வருடம் கழித்துப் பிடுங்கினாலும் எலும்பு அழுகலாம்.

பீடியை விடுவது பற்றி வைத்தியர் சொன்னால், ‘வந்தாச்சு, இனி விட்டு என்ன’ என்பது நம்மாட்கள் பதில். கனடாவில் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கலாம். கரண்ட் நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் 74 சதவீதம். புகை இரத்தத்தில் பிராணவாயுவைக் குறைக்கிறது, பிராணவாயு இல்லாத இடத்தில் கதிர் பாதி வேலைதான் செய்யும். வைத்தியசாலை வாசல் கடையில் ஒளிந்து இழுக்கும் ஒரு பீடி, அன்றைய கரண்ட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்றே சொல்லலாம்.

இனிக் கத்தி. குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சுக்குழாயின் வாயைக் கழுத்தின் அடியில், காறை எலும்புகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே, தோலோடு தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூச்சு அந்தத் துளை வழியாக மட்டும்தான். வாய் சாப்பாட்டுக்கு. இதன் முழு அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரியும். லக்கலவில் ஆற்றில் இறங்கி முங்கிக் குளித்தே பழகியவர் இனி முங்க முடியாது. துளைக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரல். அடுப்பை ஊதிப் பற்றவைக்க முடியாது, வாயில் காற்று வராது. சூடான தேநீரை ஊதிக் குடிக்க முடியாது. மூக்கு வழியாகக் காற்று ஓடாததால் வாசனை தெரியாது. மாத்தளை ஏலமும் மிளகும் கராம்பும் விளைகிற மண். உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்துத் தரம் சொல்லிய ஒருவருக்கு இது சின்ன இழப்பா? வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கி மூக்குக்குள் காற்றை இழுக்க ஒரு பயிற்சி இருக்கிறது. பழகினால் வாசனை ஓரளவு திரும்பும். கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள், கேட்பவர்தான் குறைவு.

பேச்சு திரும்ப மூன்று வழி. காற்றை விழுங்கி உணவுக்குழாய் வழியாக ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது ஒன்று. காசு செலவில்லை, பொறுமை வேண்டும். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து ஒலி தரும் சின்ன மின்கருவி இன்னொன்று. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சிலிக்கோன் வால்வு. அமெரிக்காவில் சிங்கரும் புளோமும் 1980இல் அறிமுகப்படுத்தியது. துளையை விரலால் மூடினால் காற்று வால்வு வழியாக மேலே ஏறிக் குரலாகும். மூன்றிலும் நல்ல குரல் இதுதான். ஆனால் வால்வு சில மாதத்தில் தேயும், மாற்ற வேண்டும், வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாது. பெங்களூரில் வைத்தியர் விஷால் ராவ் ஒரு நண்பரோடு சேர்ந்து 50 இந்திய ரூபாய்க்குள் அடங்குகிற ‘ஓம்’ வால்வைச் செய்தது இதனால்தான் பெரிய காரியம். பணத்துக்காக ஒருவர் ஊமையாக இருக்கக்கூடாது என்று யோசித்த அந்தத் தலைக்கு ஒரு கும்பிடு.

இன்னொரு சங்கடம் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது. அறுவை முடிந்தவருக்கு ஒரு கொப்பியும் பேனாவும் கொடுத்து, வேண்டியதை எழுதிக் காட்டச் சொல்வார்கள். கம்மடுவ, இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த வயதான ஒருவருக்கு எழுதத் தெரியாவிட்டால்? தெரிந்தாலும் தமிழில் எழுதுகிறார், வார்டில் அதை வாசிக்க ஆள் இல்லாவிட்டால்? தண்ணீர், வலி, மூச்சடைக்குது, கழிப்பறை, மகளைக் கூப்பிடுங்க என்று பத்துப் படம் வரைந்த ஒரு அட்டை போதும் இதற்கு. வீட்டிலேயே பிள்ளைகள் வரைந்து, அறுவைக்கு முந்தின நாளே கையில் கொடுத்து அனுப்பலாம். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், குரல் போகும் என்பதைத் தன் மொழியில் ஒருதடவை கேட்டுப் புரிந்துகொள்வதும் நோயாளியின் உரிமை.

‘கத்தி பட்டால் பரவிடும்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நோய் முற்றிய பிறகு அறுத்து, பிறகு இறந்தவர்களைப் பார்த்துப் பிறந்த பேச்சு அது. கத்தி பரப்பவில்லை, கத்தி வரும் முன்பே பரவியிருந்தது. அந்தப் பேச்சை நம்பி நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசிய மூன்று மாதத்தில், கரண்ட் மட்டும் போதும் என்றிருந்த நோய் கத்தியும் கரண்ட்டும் மருந்தும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிடும்.

தோட்டத்துப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்டநாள் இரும்புச்சத்துக் குறைவால் சோகை பிடித்தவர்களுக்கு, விழுங்கும் இடத்தில் மெல்லிய சவ்வு வளர்வதும், பின்னாளில் அதே இடத்தில் புற்று வருவதும் வைத்தியம் நீண்டகாலமாக அறிந்த விடயம். சோறு தொண்டையில் நிற்கிறது என்று சோகை பிடித்த ஒரு அம்மா சொன்னால், கொழுந்துக் கூடையைச் சுமந்த களைப்பு என்று தள்ளிவிடக்கூடாது.

ஆரம்பத்தில் பிடிப்பது ஒன்றும் ஆகாத காரியமல்ல. வாய்ப் புற்றுநோயில் இலங்கை இதை 1980களிலேயே செய்து காட்டியது. கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் 34 பேருக்குச் சின்னப் பயிற்சி கொடுத்து, ஒரு வருடத்தில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். சந்தேகமான 1,220 பேரைப் பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். ஊழியர்களின் கண் பெரும்பாலும் பிழை விடவில்லை. ஆனால் போகச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் போனார்கள். கண்டுபிடிப்பது சுலபம், போய்ச் சேர்வதுதான் கஷ்டம் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் இதே முறையைப் பெரிதாகச் செய்து, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததை 2005இல் அறிவித்தார்கள். இலங்கை 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. பாக்கெட்டில் வருவது குறைந்திருக்கலாம், பெட்டிக்கடை வெத்திலைக் கூறுக்குள் புகையிலைத் துண்டு இன்னும் ஒளிந்துதான் வருகிறது. புகையிலையே இல்லாமல் வெறும் பாக்கும் வெத்திலையும் சுண்ணாம்பும் மென்றாலும் புற்று வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து 20 வருடத்துக்கு மேலாகிறது.

ஆகவே கரண்ட்டா கத்தியா என்ற கேள்விக்கு வைத்தியர் சொல்வதைக் கேட்பதுதான் முறை. ஆனால் லக்கலக்காரர் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்த ஏழு வாரமும் நான் எங்கே தங்குவது? வார்டில் இடமிருக்கிறதா, கண்டியில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா, ஒரு அறையாவது வாடகைக்குக் கிடைக்குமா என்பதை முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்யாமல் முகமூடிக்குள் முகத்தைக் கொடுக்கக்கூடாது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுப்பிய நாடு இது. கண்டி வைத்தியசாலைக்குப் பக்கத்தில், மாத்தளை மலைப்பக்கத்து நோயாளிகளுக்கென்று பத்துக் கட்டில் போட்ட ஒரு தங்குமிடத்துக்கு அதில் ஒரு சின்னப் பங்கு செலவுதான் பிடிக்கும். கோயில் சபைகளும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் செய்யலாம், செய்ய வேண்டும்.

அதுவரை, வாசிக்கிற உங்களிடம் ஒன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிய ஒருவர் இருந்தால், கொத்தமல்லித் தண்ணீர் போட்டுக் கொடுத்தது போதும். மாத்தளை ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக் எந்தக் கிழமை என்று விசாரித்து, அந்த வாரமே பஸ் ஏற்றிவிடுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.